மண் சரிந்தபின் வரும் முதல் மாதம்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தேயிலைத் தோட்ட லயங்களின் மீது மலை இறங்கியது. வேலைக்குப் போயிருந்தவர்களும் பாடசாலைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களை மண் மூடியது. எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாளிலிருந்தே முரண்பட்டது. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. பிழைத்தவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பிறகு மாக்கல்தெனியவில் இயங்காமல் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். புது வீடுகள் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த மலை சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது பற்றியும், எச்சரித்தும் ஏன் யாரும் இடம் மாற்றப்படவில்லை என்பது பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. யாரும் அதிகம் எழுதாதது, பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தவர்களின் முதல் நாலு வாரங்களைப் பற்றி. கண்ணை மூடினால் அதே காட்சி திரும்பத் திரும்ப வரும் அந்த வாரங்களில் மனத்துக்கு ஏதாவது செய்திருக்க முடியுமா? முடியும் என்று சொல்லும் ஓர் ஆய்வுப் போக்கு உலகில் இருபது வருடமாக வளர்ந்துவருகிறது. தொலைபேசியிலோ கணினியிலோ ஆடும் சில விளையாட்டுகளும் பயிற்சிகளும், அதிர்ச்சி நடந்த கையோடு கொடுக்கப்பட்டால், மனவடு ஆழமாகப் பதிவதைக் குறைக்கலாம் என்பது அதன் வாதம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய், பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டச் சரிவுகளைப் பிளந்துபோட்ட பிறகு, அந்த வாதம் மலையகத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாமலே மெல்ல மீள்கிறார்கள். 1992 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களை வாரவாரம் தொடர்ந்து பார்த்தது. ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில் 94 வீதத்தினரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் முழுமையாக இருந்தன; மூன்று மாத முடிவில் அது 47 வீதமாகக் குறைந்திருந்தது. ஆகவே முதல் வாரத்து நடுக்கம் நோய் அல்ல. மாதம் கடந்தும் நிற்கிறதா என்பதை வைத்தே நோய் நிர்ணயிக்கப்படுகிறது. தானாகவே ஆறிவரும் புண்ணில் கை வைக்கும்போது உதவி கெடுதலாகவும் முடியலாம்.

முடிந்தும் இருக்கிறது. 1980களிலும் 90களிலும் விபத்து நடந்த ஓரிரு நாட்களுக்குள் ஆட்களை உட்காரவைத்து, என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய் என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை உலகெங்கும் பரவியது. நல்லெண்ணம்தான். 1997 இல் பிரித்தானியாவில் தீக்காயம்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது, 13 மாதங்களுக்குப் பிறகு அமர்வு பெற்றவர்களில் 26 வீதத்தினருக்கும் பெறாதவர்களில் 9 வீதத்தினருக்கும் மனவடு நோய் இருந்தது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் அந்த முறையால் பயனில்லை என்றே முடித்தன. சுனாமிக்குப் பிறகு 2005 இல் இலங்கைக்கு வந்திறங்கிய வெளிநாட்டு ஆலோசகர்கள் சிலர் இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு அவர்களைவிட நாகரிகம் அதிகம்; கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி அனுப்பினார்கள்.

புதிய போக்கு இந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்தது. அது பேசவைப்பதில்லை. உளவியலாளர் எமிலி ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் கேட்ட கேள்வி எளியது: மீண்டும் மீண்டும் வரும் அந்த நினைவு பெரும்பாலும் ஒரு காட்சி. காட்சியை மனத்தில் பிடித்துவைக்கும் இடம் குறுகலானது. அந்த இடத்தை வேறொரு காட்சி வேலைக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 2009 இல் 40 பேருக்குக் கோரமான படக்காட்சிகளைக் காட்டி, அரை மணித்தியாலம் கழித்து அவர்களில் பாதிப்பேரைப் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும் அந்தப் பழைய விளையாட்டை ஆடியவர்களுக்கு அடுத்த வாரத்தில் அந்தக் காட்சிகள் குறைவாகவே வந்து தொந்தரவு செய்தன. நடந்தவை என்னென்ன என்ற நினைவு மட்டும் அழியவில்லை.

மறு ஆண்டே அதே குழு செய்த இன்னொரு பரிசோதனையை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். டெட்ரிஸுக்குப் பதிலாகச் சொல்லால் ஆடும் பொது அறிவு வினாடிவினா விளையாட்டைக் கொடுத்தபோது, ஒன்றும் ஆடாமல் சும்மா இருந்தவர்களைவிட வினாடிவினா ஆடியவர்களுக்கு அக்காட்சிகள் அதிகமாக வந்தன. அதற்கு முன் 2004 இலேயே, கையால் ஒரு வடிவ வரிசையைத் தட்டுவது காட்சிகளைக் குறைத்ததும், எண்களைப் பின்னோக்கி எண்ணுவது கூட்டியதும் தெரியவந்திருந்தது. சொல்லால் ஆன வேலை, நடந்ததற்கு மனம் தானே தேடிக்கொள்ளும் விளக்கத்தைக் குலைக்கிறது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். முகாமில் அழும் பிள்ளை கையில் எதையாவது கொடுத்து அமர்த்துவோம் என்று தொலைபேசியை நீட்டும் தொண்டர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எல்லா விளையாட்டும் மருந்தல்ல.

ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு இது வந்தது பிற்பாடுதான். லோசானில் அவசர சிசேரியன் நடந்த 56 தாய்மாரிடமும், ஒக்ஸ்போர்டின் ஜோன் ராட்கிளிஃப் வைத்தியசாலையில் வீதி விபத்துக்குப் பின் வந்த 71 பேரிடமும், சம்பவம் நடந்து ஆறு மணித்தியாலத்துக்குள் இதைச் செய்து பார்த்தார்கள். ஒக்ஸ்போர்டில் முதல் வாரத்தில் திரும்பிவந்த காட்சிகள் 62 வீதம் குறைவாக இருந்தன. முதல் வாரத்துக்கு அப்பால் அதே தெளிவுள்ள பலனை அந்த ஆய்வு காட்டவில்லை. விளையாட்டுக்கு முன் ஒரு சிறு படி இருப்பதையும் கவனிக்க வேண்டும்: மோசமான அந்தக் கணத்தை ஒரு நொடி நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லி, பிறகே ஆடவைக்கிறார்கள். ஆகவே பக்கத்தில் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். செயலியைத் தரவிறக்கிவிட்டுப் போய்விடும் காரியமல்ல இது.

இன்னொரு கிளை மெதுவானது. டெல் அவீவில் ஸிவ் பென்-ஸியோனும் சகாக்களும் 2018 இல் வெளியிட்ட ஆய்வு, வைத்தியசாலை அவசரப் பிரிவுக்கு வந்த 181 பேரைப் பதினான்கு மாதங்கள் தொடர்ந்தது. முதல் மாதத்தில் யாருடைய மனம் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு எளிதாகத் தாவியதோ, அவர்களுக்குப் பிற்காலத்தில் அறிகுறிகள் குறைவாக இருந்தன. தொடக்கத்தில் எவ்வளவு மோசமாக இருந்தார்கள் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த உறவு நின்றது. அடுத்த கட்டமாக 97 பேரை எடுத்து, கவனம், நினைவாற்றல், தாவும் திறன் ஆகியவற்றைப் பழக்கும் இணையவழிப் பயிற்சிகளை வீட்டிலிருந்தே செய்யவைத்தார்கள். தாவும் திறன் கூடியது, அறிகுறிகளும் தணிந்தன என்றது அறிக்கை. அதே துறையில் பின்னர் வந்த முடிவுகள் இவ்வளவு பளிச்சென்று இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்பதற்கு மேல் இதைப் பெரிதாகச் சொல்ல நான் தயாரில்லை.

அதிலும் 'உடனடியாக' என்ற அவசரத்தை ஜெருசலேமில் அரியே ஷாலெவ் நடத்திய பரிசோதனை கொஞ்சம் தணிக்கிறது. 2012 இல் வந்த அந்த முடிவின்படி, முதல் மாதத்திலேயே முறையான உளச்சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே மனவடு நோய் இருந்தது. காத்திருந்தவர்களில் பாதிக்கும் மேல். ஆனால் காத்திருந்தவர்களுக்கும் பிறகு அதே சிகிச்சையைக் கொடுத்ததும் ஒன்பதாம் மாதத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டன. தாமதம் துன்பத்தை நீட்டித்தது, நிரந்தரமாக்கிவிடவில்லை. முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் ஹட்டனுக்குப் போய்ச் சேர முடியாத தோட்டத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளிடமே கிடைத்த சான்றுகள் நம் கையில் இருக்கின்றன. அவற்றை நாமே அதிகம் படிப்பதில்லை. சுனாமி நடந்து சில வாரங்களில், வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும் மறுபாதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். கிளாடியா கட்டானியும் சகாக்களும் 2009 இல் வெளியிட்ட இந்தச் சிறிய ஆய்வில் ஒன்றும் செய்யாமல் விட்ட மூன்றாவது குழு இல்லை. அதனால் மீட்சியில் எவ்வளவு சிகிச்சையால் வந்தது, எவ்வளவு நாட்பட்டதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்த யாழ்ப்பாணத்து முடிவு கசப்பானது. போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளிடம் வீட்ஸே டோல் குழுவினர் பாடசாலையில் வைத்தே ஒரு குழுப் பயிற்சியைச் சோதித்தார்கள். முக்கியமாக எதிர்பார்த்த பலன்கள் ஒட்டுமொத்தமாகக் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, பயிற்சி பெறாமல் காத்திருந்தவர்களின் அறிகுறிகளே அதிகமாகக் குறைந்தன. வேறு நாட்டில் பலித்தது இங்கே பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த அறிக்கையைத்தான்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு லயத்துக்குள் நுழைவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதில் மூன்று தலைமுறை. வீட்டில் ஒரு ஸ்மார்ட் தொலைபேசி இருந்தால் அது கொழும்பில் கடையில் நிற்கும் மகன் வாங்கிக் கொடுத்தது; டேட்டா தீர்ந்தால் பத்தாம் தேதிச் சம்பளம் வரை ரீலோட் கிடையாது. 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறிப் படித்ததை நாடே பார்த்தது. நாளுக்கு அரை மணித்தியாலம் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது, இல்லாத ஓர் அறையில் போய் உட்காரச் சொல்வது. சோதனைகளிலும் சிக்கல் உண்டு. மனத்தின் தாவும் திறனை அளக்கும் வழக்கமான சோதனையில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றித் தொடர வேண்டும். அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடை மாட்டிக்கொண்ட ஒரு பெண் அதில் தடுமாறினால், அது அதிர்ச்சியின் அடையாளமா, படிக்க விடாமல் போனதன் அடையாளமா? அந்த மதிப்பெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆனாலும் இந்த விளையாட்டு முறையை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், அது சொல்லைக் கேட்பதில்லை. மலையகத்தில் தமிழில் பேசி வைத்தியம் பார்க்கக்கூடிய மனநல வைத்தியர்கள் மிகக் குறைவு. பொலிசில், கச்சேரியில், ஆஸ்பத்திரியில் தன் கதையை அரைகுறைச் சிங்களத்தில் பலமுறை சொல்லி அலுத்தவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்காத எந்தச் சிகிச்சையும் ஒரு மரியாதைதான். பிள்ளை பயந்திருக்கிறது என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டுவரும் பாட்டியும் விளக்கம் கேட்பதில்லை. தொலைபேசி இல்லாததும் இங்கே பெரிய தடை அல்ல. 2006 இல் வந்த ஓர் ஆய்வில், படம் பார்க்கும்போதே களிமண் போன்ற பிளாஸ்டிசினில் வடிவங்கள் செய்தவர்களுக்கும் காட்சிகள் குறைவாகத் திரும்பிவந்தன. கண்ணும் கையும் சேர்ந்து ஒரு வடிவத்தைப் பிடித்துவைக்க வேண்டும், அதுவே முக்கிய நிபந்தனை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா கையில் இருக்கும் பொருட்களே போதலாம். போதுமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிதாகப்படுவது வேறு ஒரு கணக்கு. அது விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காடுகளிலிருந்து வந்தது. 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளிடம், கரும்பு வெட்டுவதற்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், வெட்டிப் பணம் வந்த பிறகும் அதே மனச் சோதனைகளை வைத்தார்கள். அதே ஆள், அதே மூளை. பணம் வந்தபின் சோதனை மதிப்பெண் கூடியது, வேகமும் கூடியது. ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் சகாக்களும் 2013 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஒரு குழு அப்படி வேறுபாடு காணவில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்கு இரண்டு நாள் காத்திருப்பதும், வருடத்துக்கு ஒருமுறை வரும் அறுவடைக்குக் கடனோடு காத்திருப்பதும் ஒரே காத்திருப்பா? தோட்டத்துக் காத்திருப்பு விழுப்புரத்துக்குத்தான் நெருக்கம்.

டெல் அவீவ் பயிற்சி ஒரு மாதம் உழைத்துக் கூட்ட முயலும் அதே திறனைத்தான் கடனும் காத்திருப்பும் தின்கின்றன. முகாமில் இருக்கும் நாட்களுக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர். நிலமும் லயமும் அரசினுடையவை, குத்தகை கம்பெனியினுடையது. வீடிழந்தவர் எந்த மண்ணில் புது வீடு கட்டுவது என்பதை முடிவுசெய்ய நாலைந்து அலுவலகங்களின் கையெழுத்து வேண்டும். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் தடையின்றிச் செலவழிக்க வழிசெய்த சட்டத் திருத்தமே 2018 இல்தான் வந்தது. லேர்ன்ஏசியா நிறுவனம் 2023 இல் கணித்தபடி தோட்ட மக்களில் பாதிக்கும் மேல் வறுமையில் இருக்கிறார்கள். இந்த நிலையில், முதல் மாதத்திலேயே இழந்த நாட்களுக்கு முழுப் பேர் போட்டுக் கொடுப்பதும், எங்கே குடியேறப்போகிறோம் என்று எழுத்தில் ஒரு பதில் கொடுப்பதும் நிவாரணம் மட்டுமல்ல, மனத்துக்குச் செய்யும் வேலையும்தான் என்று நான் வாதிடுவேன். விளையாட்டு அதற்கு மேல் வைக்கும் பொருள்.

அதற்காக முதலில் வீடு, பிறகு மனம் என்று வரிசை போடவும் கூடாது. மீரியபெத்தைக்காரர்கள் புது வீட்டுக்குப் போகும்வரை தூங்காமல் காத்திருக்கச் சொல்ல முடியாது. சுனாமிக்குப் பிறகு காயத்ரி பெர்னாண்டோ போன்ற உளவியலாளர்கள் நம் மக்களிடம் கேட்டு அறிந்தது இங்கே உதவும்: துயரம் என்றதும் இங்குள்ளவர்கள் தலைக்குள் ஓடும் காட்சிகளைவிட, குடும்பத்திலும் ஊரிலும் தன் இடம் கெட்டுப்போனதையே முதலில் சொல்கிறார்கள். ஆகவே பயிற்சியை யார் கொடுப்பது என்பது, எந்தச் செயலி என்பதைவிடப் பெரிய கேள்வி. உகண்டாவின் அகதி முகாமில் தென்சூடான் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மன அழுத்தப் பயிற்சி ஒலிப்பதிவாகக் கொடுக்கப்பட்டது. வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, நடத்தியவர்கள் குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அந்த மாதிரியில், ஒரு டிவிசனின் ஆயம்மாவும் பாடசாலை ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் குழுவாக இது இருந்தால் நிற்கும். நுவரெலியாவிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒரு மனநல வைத்தியர் வாரத்துக்கொருமுறை அவர்களைத் தொலைபேசியில் வழிநடத்தலாம். 'இணையவழி' என்ற சொல் தோட்டத்தில் பயன்பட வேண்டிய இடம் அதுதான்: பாதிக்கப்பட்டவர் கையில் அல்ல, அவருக்குத் துணை நிற்பவர் கையில்.

இனி அளப்பது. ஆய்வுகள் பல ஆறு மாதம் கழித்து வந்து கேள்வித்தாளை நீட்டும். எப்போதும் உஷாராகவே இருக்கிறீர்களா? சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா? இரவில் விழித்துக்கொள்கிறீர்களா? மலையகத்தில் பெரிய சரிவுகள் பல ஒக்டோபர், நவம்பரில் நடக்கின்றன. அதிலிருந்து ஆறு மாதம் என்றால் ஏப்ரல், மே. தென்மேல் பருவமழை தொடங்கும் வாசல். கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஆபத்துள்ள ஊர்களில் மழைமானி வைத்து ஆட்களே அளந்து பார்க்கிறார்கள். தகரக் கூரையில் மழை கனத்ததும் எழுந்து உட்கார்ந்து காது கொடுக்கும் தாய்க்குக் கேள்வித்தாள் நோய்ப்புள்ளி போடும். 2014 இல் அந்தக் காது எல்லா லயத்திலும் இருந்திருந்தால் சிலர் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். அந்த விழிப்பைப் பயிற்சி கொடுத்து மழுங்கடித்துவிட்டு, அறிகுறி குறைந்தது என்று அறிக்கை எழுதுவது ஆபத்தான வெற்றி.

அதனால் அளவை மழையோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அன்றைய மழைமானிக் கணக்கு எழுதப்பட வேண்டும். பழைய சரிவின் கீழேயே இன்னும் குடியிருப்பவர்களையும் வேறிடம் போனவர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கேள்வியைக் கேட்கும் மாதத்தையும் மாற்றலாம். மலை காய்ந்து கிடக்கும் பெப்ரவரியில் போய், மழை இல்லாத இரவிலும் தூக்கம் கலைகிறதா என்று கேட்டால் கிடைக்கும் பதிலைத்தான் பயிற்சியின் கணக்கில் எழுத முடியும்.